கடலூர், பாண்டியில காமிக்ஸ் சேக்குறவங்களுக்கு

கடல் ஊர்ல பேப்பர் சேத்து வைக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்லைங்க. மதுரைப் பக்கம் கோயமுத்தூர் பக்கம் இருக்கிற சேகரிப்பாளருங்க, பத்து வருஷமா பெட்டிய தொறக்கவே இல்ல, புக்கெல்லாம் அப்படியே இருக்குன்னு சொல்லும்போது எனக்கு நம்பவே முடியாது. இங்க ஒரு ஐப்பசி கார்த்திகை தாண்டுறதுக்குள்ள பின்னு துருப்பிடிச்சி நடுப்பக்கம் கழண்டு கையோட வந்துடும், அட்டை உப்பி நெளிஞ்சிடும், இல்லன்னா ராமபாணப் பூச்சி ஓரம் பூரா கோலம் போட்டு வச்சிருக்கும். நான் பொறந்து வளந்தது கடலூர் திருப்பாப்புலியூர், கட்டிக்குடுத்தது பாண்டிச்சேரி, இப்ப இருக்கிறது ரெயின்போ நகர். நடுவுல 20 சொச்சம் கிலோமீட்டர்தான், ரெண்டு ஊருக்கும் ஒரே உப்புக் காத்து. இந்தக் காத்துல நாப்பது வருஷமா காமிக்ஸ் வச்சிருக்கேன், அதுல எனக்கு உறுதியாத் தெரிஞ்ச ஒரு விஷயம், படிக்காம பூட்டி வச்ச புக்குதான் மொதல்ல போகுது.

எங்க வீட்டுக்கு காமிக்ஸ கொண்டாந்தது எங்க அண்ணன். முத்து காமிக்ஸ் 1972-ல சிவகாசிலேருந்து வர ஆரம்பிச்சப்ப நான் பொறக்கவே இல்ல, அண்ணன் பழைய புக்குக் கடைலயும் வாடகை லைப்ரரிலயும் புடிச்சதுதான் எங்களுக்கு இரும்புக்கை மாயாவி, காரிகன், ரிப் கிர்பின்னு அந்த ஹீரோங்க எல்லாம். அப்பாவுக்கு நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில வேலை, சம்பளத்தன்னிக்கு மட்டும் பஸ் ஸ்டாண்டு கடைலேருந்து புதுசா ஒன்னு வாங்கியாருவாரு. 1984-ல எனக்குப் பத்து வயசு. அந்த வருஷம்தான் லயன் காமிக்ஸும் வந்துச்சு, ராணி காமிக்ஸும் வந்துச்சு. லயனோட மொதல் புக்கே மாடஸ்டி கதை. ஒரு பொம்பள, அவதான் கதைக்கே ஹீரோ, கூட வர்ற கார்வின் அவ சொல்றத கேட்டு நடக்குறான், பத்து வயசுப் பொண்ணுக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்னு இப்ப சொன்னா புரியுமான்னு தெரியல. "உனக்கெதுக்குடி துப்பாக்கிக் கதை, போய் கோலம் போடு"ன்னு அண்ணன் புடுங்கி வச்சிப்பான், அவன் ட்யூஷன் போற நேரம் பாத்து எடுத்துப் படிச்சிட்டு அதே எடத்துல அதே மடிப்புல வச்சிடுவேன். அப்பல்லாம் சேக்குறதுன்னு ஒரு நெனப்பே கெடையாது. படிச்சோம், பக்கத்து வீட்டுக்குக் குடுத்தோம், திரும்பி வந்தா வந்துச்சு.

சேக்க ஆரம்பிச்சது கல்யாணம் ஆகி பாண்டிக்கு வந்து, ஸ்கூல்ல வேலை கெடச்சி, கைல சொந்தக் காசு பொழங்க ஆரம்பிச்சப்புறம்தான். காந்தி வீதி சண்டே மார்க்கெட் தெரியாதவங்க பாண்டில இருக்க மாட்டாங்க. துணி, செருப்பு, பாத்திரம்னு பரப்பி வச்சிருக்கிறதுக்கு நடுவுல பழைய புக்குக்காரங்க தார்ப்பாய் விரிச்சி உக்காந்திருப்பாங்க, மாத நாவலுக்கு அடில கைய விட்டுத் துழாவுனா காமிக்ஸ் தட்டுப்படும். சின்ன வயசுல படிச்ச அட்டையத் திரும்ப கைல புடிக்கிறப்ப மேல் மூச்சு வாங்கும், நெஜமாத்தான் சொல்றேன். அப்புறம் அது வளந்து நம்பர் புடிக்கிறதா மாறிப்போச்சு. ஒரு நோட்டுல இதழ் நம்பரெல்லாம் வரிசையா எழுதி, கெடச்சதுக்கு டிக் அடிச்சி, இன்னும் என்னென்ன வேணும்னு பர்ஸ்ல தனிச் சீட்டு. புக்கு வந்ததும் மொதல் வேலை நோட்டுல டிக், ரெண்டாவது வேலை பிளாஸ்டிக் கவர், மூணாவது பெட்டி. படிக்கிறது அப்புறம், லீவுல, நேரம் கெடைக்கிறப்ப. காமிக்ஸ் சேக்குற முக்காவாசிப் பேரு இந்தக் கட்டத்த தாண்டித்தான் வந்திருப்பாங்க, அதுல ஒரு சொகம் இருக்கு, அத நான் கொறை சொல்ல மாட்டேன். தொலைஞ்ச நம்பர் ஒன்னு கெடைக்கிற நாள்ல சமைக்கிற சோறு கூட ருசியா இருக்கும்.

அந்தக் காலத்துல கத்துக்கிட்டத சொல்லிடறேன், இப்ப வாங்குறவங்களுக்கு உதவும். பழைய காமிக்ஸ கைல எடுத்தா மொதல்ல அட்டையப் பாக்காதீங்க, நடுப்பக்கத்தப் பாருங்க. பின்னு துருப்பிடிச்சி மொதல்ல கழண்டு விழறது நடு நாலு பக்கம்தான், கதையோட சூடான எடமும் பெரும்பாலும் அங்கதான் இருக்கும். அடுத்து கடைசி ரெண்டு பக்கம், முடிவு இல்லாத புக்கு நெறையக் கெடைக்கும். அப்புறம் அட்டையும் உள்ள இருக்கிற கதையும் ஒன்னுதானான்னு பாக்கணும், ஏன்னா அட்டை போன புக்குக்கு வேற இதழோட அட்டைய ஒட்டி விக்கிறது உண்டு. புதிர் பக்கம், கலர் அடிக்கிற பக்கம், குறுக்கெழுத்து இதெல்லாம் வெட்டியிருந்தா அதோட பின்னாடி இருக்கிற கதையும் சேந்து போயிருக்கும். தபால்ல வாங்குறதா இருந்தா நடுப்பக்கம் பின்னோட தெரியிற மாதிரி போட்டோ கேளுங்க, தர மாட்டேன்னா விட்டுடுங்க. எனக்கு ஒரு தடவ வெளியூர் வியாபாரி ஒருத்தர் அனுப்புனது உள்ள முழுக்க ஜெராக்ஸ், அட்டை கலர் ஜெராக்ஸ், டீத்தண்ணில நனைச்சி பழசு மாதிரி ஆக்குனது. மூந்து பாத்தாலே தெரியும். பழைய நியூஸ்பிரிண்டுக்குன்னு ஒரு புளிச்ச மர வாசனை இருக்கு. அது மரத்தக் கூழா அரைச்சி அப்படியே செய்யிற பேப்பர், மரத்துல இருக்கிற லிக்னின்ங்கிற பொருள் அதுல அப்படியே இருக்கும், காத்தும் வெளிச்சமும் பட்டு அது மஞ்சளாகி அமிலமா மாறி பேப்பர ஒடிய வைக்கும். டீ போட்ட பேப்பர்ல மஞ்சள் சமமா இருக்கும், நெஜப் பழசுல ஓரம் கருத்து நடுவுல வெளுத்து இருக்கும்.

எனக்கு மாத்தம் வந்தது ஒரு சொல்தா தாத்தாவால. பாண்டில பிரெஞ்சு பட்டாளத்துல இருந்துட்டு பென்ஷன் வாங்குற குடும்பங்கள அப்படித்தான் சொல்வோம், வெளியூர்க்காரங்களுக்காக சொல்றேன். எங்க தெருவுக்கு அடுத்த தெரு. அவரோட பேரப்புள்ளைங்க பாரிசுலேருந்து லீவுக்கு வர்றப்ப பெட்டில காமிக்ஸ் ஆல்பம் கொண்டாருவாங்க, போறப்ப விட்டுட்டுப் போயிடுவாங்க. என் பைத்தியம் தெரிஞ்சி ஒரு நாள் தாத்தா கூப்புட்டு விட்டாரு. "பாப்பா, இதெல்லாம் ஒனக்குத் தெரிஞ்ச ஆளுங்களா பாரு"ன்னு அடுக்கி வச்சாரு. லக்கி லூக் இருந்துச்சு, கூடவே நம்ம இரத்தப் படலம். பெல்ஜியத்துல வான் ஹாம் கதை எழுதி வில்லியம் வான்ஸ் வரைஞ்சது, பிரெஞ்சுல 1984-ல மொதல் ஆல்பம். கரை ஒதுங்கிக் கெடக்குறான் ஒருத்தன், பேரு ஊரு ஞாபகம் இல்ல, கழுத்துக்குக் கீழ ரோமன் எழுத்துல 13-ன்னு பச்சை குத்தியிருக்கு, வயசான புருசன் பொண்டாட்டி காப்பாத்துறாங்க. தமிழ்ல வருஷக் கணக்கா தவணை தவணையா காத்திருந்து காத்திருந்து படிச்ச கதை அது.

நான் வீட்டுக்கு ஓடி என் தமிழ்ப் புக்க எடுத்தாந்து ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சேன். பிரெஞ்சு ஆல்பம் 22-க்கு 30 சென்டிமீட்டர், அகலமா. நம்மளுது சின்ன சைசு, நியூஸ்பிரிண்டு, கருப்பு வெள்ளை. ஒரே முகம் ரெண்டுலயும். ஆல்பத்துல கன்னத்துக்குக் கீழ, கண்ணுக்கு ஓரத்துல சின்னச் சின்னக் கோடா மெல்லிசா இழுத்திருக்காரு, ஒவ்வொரு கோடும் தனித்தனியாத் தெரியுது. என் புக்குல அந்த எடம் மசி ஊறி கோடெல்லாம் ஒன்னோட ஒன்னு சேந்து ஒரே கருப்புத் திட்டு. இத்தன வருஷமா அந்தத் திட்டத்தான் அந்த மனுசன் மொகத்துல இருக்கிற நெழல்னு பாத்துட்டு இருந்திருக்கேன். தாத்தா பிரெஞ்ச வாய்விட்டுப் படிக்க, நான் தமிழ்ல அதே கட்டத்தப் படிக்க, அன்னிக்கு சாயங்காலம் அப்படியே போச்சு. ரெண்டும் எனக்குப் புடிச்சிருந்துச்சு, அதச் சொல்லணும். நம்ம புக்கு எந்த வகையிலயும் கொறைஞ்சதுன்னு தோணல, அந்தத் தாள்ல அந்த வெலைக்கு அவ்ளோ பெரிய கதைய நம்ம கைக்குக் கொண்டாந்தாங்களேன்னு மரியாதைதான் கூடுச்சு. ஆனா அன்னிலேருந்து நான் படத்தப் பாக்க ஆரம்பிச்சேன்.

அதுக்கப்புறம் பெட்டிங்கள ஒன்னொன்னா தொறந்து வரைஞ்ச கை யாருதுன்னு பாத்துப் பிரிச்சேன். இங்கிலாந்து பிளீட்வே கம்பெனியோட கதைங்கள்ல வரைஞ்சவங்க பேரே போட மாட்டாங்க, அதனால நம்ம புக்குலயும் இருக்காது. இரும்புக்கை மாயாவிய வரைஞ்சது ஹெஸுஸ் பிளாஸ்கோன்னு ஒரு ஸ்பெயின்காரர். ராத்திரி, மழை, சாக்கடைச் சந்து இதெல்லாம் அவரு கைல எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்களுக்கு வேற யாராவது வரைஞ்ச பக்கம் வந்தா டக்குனு தெரிஞ்சிடும். மாடஸ்டிய 1963-லேருந்து வரைஞ்சவர் ஜிம் ஹோல்டவே, 1970-ல அவரு எறந்துட்டாரு, அப்புறம் ரோமெரோ. ரெண்டு மாடஸ்டியும் எங்கிட்ட வேற வேற இதழ்ல இருந்தாங்க, சின்ன வயசுல ஏன் சில புக்குல அவ வேற ஆளு மாதிரி இருக்கான்னு யோசிச்சதுக்கு பதில் அதுதான். ரிப் கிர்பிய அலெக்ஸ் ரேமண்ட் 1946-ல ஆரம்பிச்சி, 1956-ல கார் விபத்துல போனப்புறம் ஜான் பிரென்டிஸ் வரைஞ்சாரு. இப்படிப் பிரிக்கிறதுக்கு ஒவ்வொரு புக்கையும் தொறக்கணும், பக்கம் பக்கமாப் பாக்கணும், அதுதான் எனக்கு நடந்த நல்லது. கவருக்குள்ள மூச்சு முட்டிக் கெடந்ததெல்லாம் வெளிய வந்துச்சு. எது பொடிஞ்சி போச்சு, எது தப்பிச்சுதுன்னும் அப்பதான் தெரிஞ்சுது. அடிக்கடி எடுத்துப் படிச்ச புக்கு கிழிஞ்சிருக்கும், ஆனா உயிரோட இருந்துச்சு. ஒட்டிச் சீல் வச்ச கவர்ல இருந்தது பூஞ்சை.

2011 டிசம்பர் 30 தானே புயல். கடலூர்க்காரங்களுக்கு விவரம் சொல்ல வேண்டியதில்ல. எங்க அம்மா வீட்டு ஓடு பறந்து பரண்ல இருந்த அண்ணன் டிரங்குப் பெட்டில தண்ணி. கரண்டு வாரக் கணக்குல இல்ல, பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சி கெடக்குது, அந்த நேரத்துல காமிக்ஸ காயப்போடுறேன்னு சொன்னா பாக்குறவங்க என்ன நெனப்பாங்கன்னு அண்ணன் கூச்சப்பட்டான், அம்மாதான் "எம் புள்ளைங்க ஆசையா வச்சிருந்ததுடா, போடு"ன்னு கயித்துக் கட்டில எடுத்துப் போட்டாங்க. நியூஸ்பிரிண்டு நனைஞ்சா பயப்படாதீங்க, அது தண்ணிய குடிக்கவும் செய்யும் விடவும் செய்யும். நேர் வெயில்ல போட்டா சீக்கிரம் காயும் ஆனா மஞ்சளாகி மொறுமொறுன்னு ஆயிடும், நெழல்ல காத்தாட வைக்கணும், பத்துப் பக்கத்துக்கு ஒருக்கா வெள்ளத்தாள் சொருகி, அது ஈரமானா மாத்தணும். அச்சடிச்ச செய்தித்தாள சொருகுனா அதோட மசி இதுல ஏறிக்கும். முக்கால் காஞ்சதும் பலகைய வச்சி மேல கனம் வைக்கணும், இல்லன்னா அலை அலையா நெளிஞ்சிடும். நூத்துல எண்பது புக்கு பொழைச்சிச்சு.

அந்த ஜனவரிலதான் லயன் திரும்ப வந்துச்சு, கம்பேக் ஸ்பெஷல், 100 ரூபா. அதுலேருந்து ஆர்ட் பேப்பர், கலர், பெரிய சைசுன்னு தமிழ் காமிக்ஸே வேற மாதிரி ஆயிடுச்சு. நான் சந்தா கட்டி வாங்குறேன். பிடிஎஃப் ஸ்கேன் சுத்துதுன்னு எல்லாருக்கும் தெரியும், எங்கயுமே கெடைக்காத பழசுக்கு ஒருத்தர் அதப் பாத்தா நான் எதுவும் சொல்ல மாட்டேன், ஆனா இன்னிக்கு அச்சாகி கடைல இருக்கிற புக்க காசு குடுத்து வாங்குங்க, சந்தாவ நம்பித்தான் அந்த வண்டி ஓடுது. ராணி காமிக்ஸ் 2005-ல நின்னப்ப ஏற்பட்ட வெறுமை இன்னொரு தடவ வேணாம்.

ஆர்ட் பேப்பர்ல ஒரு ஆபத்து இருக்கு, அது எனக்குத் தெரிஞ்சது 2024 நவம்பர் 30, பெஞ்சல் புயல் அன்னிக்கு. பாண்டில ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல மழை, ரெயின்போ நகர்ல தண்ணி வீட்டுக்குள்ள வந்து கட்டில் உயரம் நின்னுச்சு. கீழ் தட்டு பூரா புது கலர் புக்குங்க. அந்த வழவழப்பு களிமண் பூச்சு, தண்ணி பட்டா அது பசையா மாறிடும். அப்படியே காய விட்டா பக்கமெல்லாம் ஒட்டி ஒரே கட்டை, அப்புறம் பிரம்மா வந்தாலும் பிரிக்க முடியாது, பிரிச்சா படம் உரிஞ்சி வரும். ஈரமா இருக்கிறப்பவே ஒவ்வொரு பக்கமா பிரிச்சி நடுவுல தாள் வைக்கணும். அத்தன புக்குக்கும் கை பத்தாது, 48 மணி நேரத்துக்குள்ள பூஞ்சை வந்துடும், அதனால மீதிய பிளாஸ்டிக் பைல போட்டு பிரீசர்ல வச்சிடணும், உறைஞ்சி இருக்கிற வரைக்கும் பக்கமும் ஒட்டாது பூஞ்சையும் புடிக்காது, அப்புறம் நேரம் கெடைக்கிறப்ப ஒவ்வொன்னா எடுத்து உருக விட்டு பிரிக்கலாம். எங்க ஏரியால கரண்டு இல்ல, லாஸ்பேட்டைல நாத்தனார் வீட்டு பிரிஜ்ல மீனுக்குப் பக்கத்துல என் புக்கு ஒரு மாசம் இருந்துச்சு, அவங்க ஒரு வார்த்தை சொல்லல. அப்படிக் காப்பாத்துனது கொஞ்சம், போனது நெறைய. அதே தண்ணில நனைஞ்ச எண்பதுகளோட ரெண்டு ரூபா புக்கு சொரசொர காகிதம் எல்லாம் காஞ்சி எழுந்திரிச்சி உக்காந்துச்சு.

பூச்சிக்கும் பிரீசர்தான். புதுசா வாங்குன பழைய புக்க நேரா அலமாரில வைக்காதீங்க, ராமபாணமும் முட்டையும் அதோடதான் வரும். காத்து போகாத பைல கட்டி ஒரு வாரம் பிரீசர், வெளிய எடுத்தப்புறம் பைய ஒரு நாள் தொறக்காம வைக்கணும், அப்பதான் வேர்வை பைக்கு வெளியவே நிக்கும். அந்துருண்டை நான் நிறுத்திட்டேன், அந்தக் காத்து நமக்கு நல்லதில்ல, வசம்பும் வேப்பிலையும் போடுறேன். கவர் போடுறதா இருந்தா சட்டைக்கு வர்ற மொறுமொறு பாலிபுரோப்பிலின் கவர் போடுங்க, மேல் வாய் தொறந்தே இருக்கணும். மெத்துமெத்துன்னு இருக்கிற பிவிசி கவர் நாள் ஆக ஆக பிசுபிசுத்து அட்டைப் படத்தையே உரிச்சிக்கும். செல்லோடேப் வேணவே வேணாம், அதோட பசை காஞ்சி பழுப்பா எறங்குன கறை எதுக்கும் போகாது. துருப்பிடிச்ச பின்ன மொட்டைக் கத்தியால நெம்பி எடுத்துட்டு அதே ஓட்டைல நூல் கோத்து முடிச்சிப் போடுங்க, பருத்தி நூல் போதும்.

பைண்டிங் பத்தி சேகரிப்பாளருங்க கிட்ட எனக்குச் சண்டையே உண்டு. அண்ணன் எண்பதுகள்ல பத்துப் பத்து புக்கா சேத்து காலிகோ பைண்டு பண்ணி வச்சான், பைண்டர் ஓரம் வெட்டுனதுல சில எடத்துல வசனத்தோட கடைசி எழுத்து போயிருக்கு, அட்டையெல்லாம் உள்ள. சந்தைல அதுக்கு மதிப்பே இல்ல, தொடவே மாட்டாங்க. ஆனா தானேக்கும் சரி பெஞ்சலுக்கும் சரி, எங்க வீட்ல ஒரு பக்கம் கூட தொலையாம நின்னது அந்த வால்யூம்தான். பசைல மயில்துத்தம் கலந்திருந்தான் அந்த பைண்டர், பூச்சி கிட்டயே வரல. விக்கிறதுக்கு சேக்குறவங்க பைண்டு பண்ணாதீங்க. பேரன் பேத்தி வரைக்கும் படிக்கணும்னா, ஓரம் வெட்டாம தைச்சித் தரச் சொல்லி நல்ல பைண்டர் கிட்ட குடுங்க, தாராளமா.

நம்பர் நோட்டு இன்னும் இருக்கு, ஆனா டிக் அடிக்கிறது இல்ல. புதுசா வேற நோட்டு போட்டேன், அதுல ஓவியர் பேரு, எந்த இதழ், எந்தத் தட்டு, கடைசியா எப்ப தொறந்தேன்னு நாலு கட்டம். வருஷத்துக்கு ஒருக்கா கூட நான் தேடி எடுக்காத புக்கு வேற ஒருத்தருக்கு வேணுமானதா இருக்கும், அத வச்சிருக்கிற நியாயம் எனக்கு இல்ல. ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்டு வரிசை முழுசையும் விழுப்புரத்துல ஒரு பையனுக்கு நான் வாங்குன வெலைக்கே குடுத்தேன், சந்தை வெலை அத விட பல மடங்கு, அவன் நாலு வருஷமா தேடிட்டு இருந்தவன். டூப்ளிகேட், அதாவது ஒரே இதழ் எங்கிட்ட ரெண்டாவதா இருக்கிற பிரதி, எல்லாத்துக்கும் வாசல் பக்கத்து ரூம்ல தனி அலமாரி, கீழ ரெண்டு அடிக்கு செங்கல் வச்சி ஒசத்தி, செவுத்த விட்டு ஒரு சாண் தள்ளி, கதவு இல்லாம. தெருப் புள்ளைங்க வந்து எடுத்துட்டுப் போவாங்க. எச்சி தொட்டுப் பக்கம் திருப்பக்கூடாதுன்னு ஒன்னே ஒன்னுதான் சொல்லி வச்சிருக்கேன். ஏழாவது படிக்கிற ஒருத்தி மாடஸ்டியே வரிசையா எடுக்குறா, போன வாரம் கேக்குறா, "யக்கா, இதுல வரைஞ்சது வேற ஆளு தானே?"ன்னு. ஆமாடி ரோமெரோன்னு சொல்லிட்டு ஹோல்டவே இதழ் ரெண்டு எடுத்துக் குடுத்தேன். அவளுக்கு இன்னும் மூணு புக்கு வேணும், எங்கிட்ட இருக்கிறது ஒத்தைப் பிரதி, டூப்ளிகேட் யாராவது வச்சிருந்தா சண்டே மார்க்கெட்ல பழைய புக்குக்காரங்க கிட்ட மாடஸ்டி டீச்சர்னு கேளுங்க, ஆள காட்டுவாங்க.